நங்கூரத்தில் கட்டிய நாய்

அன்றைக்கு என் வீட்டு முற்றத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது கேட்டால் ஆளாளுக்கு 'நான் அங்கன இல்லவே இல்ல' என்கிறார்கள்.

நான் இருந்தேன். பெயர் மிக்கேல். சொந்தமாக ஒரு ஃபைபர் படகு உண்டு.

என் மனைவி ஜெசிந்தா இருந்தாள்.

மகள் ஸ்டெல்லா இருந்தாள். காலேஜில் முதல் வருஷம்.

ஜெசிந்தாவின் தம்பி ராயப்பன் இருந்தான். ஹார்பர் பக்கம் கிளியரிங் ஆபீஸில் வேலை. எல்லாம் இவனால் வந்தது.

சாயர்புரத்திலிருந்து வந்த ஒரு சார் இருந்தார். வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர்.

அவருடைய நாய் இருந்தது. பெயர் மேஜர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீடு தெருவில் கடைசி. பின்சுவருக்கு அந்தப் பக்கம் உப்பளம். நான் கடலுக்குப் போனால் மூன்று நாள் தங்கித்தான் வருவேன். அப்படிப் போயிருந்தபோது யாரோ சுவர் ஏறிக் குதித்துப் பின்கதவை ஆட்டியிருக்கிறான். அடுத்த தடவை போனபோது தாழ்ப்பாளே கழன்றுவிட்டது. தாயும் மகளும் ஐஸ் பெட்டியை இழுத்துக் கதவில் சாய்த்து, அதன்மேல் உட்கார்ந்து விடிய வைத்திருக்கிறார்கள்.

நான் கரை வந்ததும் ஜெசிந்தா அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். "இனி நீங்க கடலுக்குப் போகணும்னா வீட்டுக்கு ஒரு காவல் வச்சிட்டுப் போங்க. இல்லன்னா கரையிலேயே கெடங்க" என்றாள்.

கரையில் கிடந்து பார்த்தேன். கொஞ்ச நாள் ஐஸ் கம்பெனியில் நின்றேன். அது வேலை இல்லை. நிற்பது. படகு கரையில் காய்ந்தது. வீட்டில் அடுப்பும் காய ஆரம்பித்தது.

அப்போதுதான் நாய் வாங்கலாம் என்ற பேச்சு வந்தது. நான் சிப்பிப்பாறை நாய் என்றேன். கோவில்பட்டிப் பக்கம் போனால் நல்ல குட்டி கிடைக்கும். நம்ம ஊர் வெயில் அதற்குத் தெரியும். ராயப்பன் சிரித்தான்.

"அத்தான், சிப்பிப்பாறையப் பாத்தா கள்ளன் பாவப்பட்டு ரெண்டு பிஸ்கட் போட்டுட்டு உள்ள வருவான். இதப் பாருங்க."

போனை நீட்டினான். அதில் ஒரு வெள்ளைக்காரன் நின்றான். பக்கத்தில் கன்றுக்குட்டி.

"கன்னுக்குட்டி எதுக்குல?"

"நாய் அத்தான். கிரேட் டேன். உலகத்துலேயே உசரமான நாய்."

"கடிக்குமா?"

"கடிக்கவே வேண்டாம். நின்னாப் போதும்."

நிற்பதற்குத்தான் நான் ஐஸ் கம்பெனியில் சம்பளம் வாங்கினேன். அதைச் சொல்லவில்லை. வேறு கேட்டேன். எவ்வளவு தின்னும்? யார் பிடித்து நடத்துவது? ஸ்டெல்லாவை விடக் கனமாக இருக்குமே, ஒரு இழுப்பு இழுத்தால் பிள்ளை எங்கே போய் விழும்? எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும்? ராயப்பன் எல்லாவற்றுக்கும் போனைப் பார்த்துப் பதில் சொன்னான். கடைசிக் கேள்விக்கு மட்டும் குரல் இறங்கியது. "ஏழெட்டு வருசந்தான் அத்தான். பெரிய ஜாதி பாருங்க."

அதாவது, நான் தாழ்ப்பாள் மாற்றினால் நாயைவிட அதிக நாள் உழைக்கும். (இதை அன்றே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.)

ஆனால் ஜெசிந்தாவுக்குப் படம் பிடித்துவிட்டது. அந்த உயரம் அவளுக்கு தைரியம் கொடுத்தது. அதற்கு மேல் நான் என்ன பேச?

ராயப்பனே ஆளையும் பிடித்தான். சாயர்புரத்து சார் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போகிறார். நாலாவது மாடி. மேஜரைக் கொண்டுபோக முடியாது. நல்ல குடும்பம் கிடைத்தால் சும்மா கொடுப்பாராம். நாங்கள் போய் நாயைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். இல்லை. அவர் வந்து எங்களைப் பார்ப்பாராம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தோம். ஜெசிந்தா நல்ல சேலையை மாற்றவில்லை. ஸ்டெல்லா முற்றம் கழுவினாள். மக்ரூன் வாங்கி வைத்தோம். என் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இத்தனை ஏற்பாடு செய்யவில்லை.

கார் வந்தது. சார் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். முன்கால் இரண்டும் இறங்கின. கொஞ்சம் பொறுத்து மீதி இறங்கியது. தெருவில் போன ஒரு ஆள் சைக்கிளை விட்டு இறங்கி நின்றான். அந்த ஒரு நிமிஷம் எனக்கும் ஆசை வந்தது. அதை மறைக்க மாட்டேன்.

சார் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். ஆரம்பித்தார்.

"வீட்ல ஃபேன் இருக்கா?"

"இருக்கு சார்."

"அவனுக்குன்னு தனியா?"

எனக்கே தனியாக இல்லை.

"மெத்தை?"

"எதுக்கு சார்?"

"வெறுந்தரையில படுத்தா அவனுக்கு மூட்டு தேஞ்சுரும். கனமான உடம்பு."

நான் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் வலைமேல் படுத்தவன். என் மூட்டைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை.

"சாப்பிட்ட உடனே அவன ஓட விடக்கூடாது. வயிறு முறுக்கிக்கும். உயிருக்கே ஆபத்து. அதுக்கப்புறம், அவன்கிட்ட இங்கிலீஷ்லதான் பேசணும். தமிழ் பழகல."

சாயர்புரத்தில் பிறந்து சாயர்புரத்தில் வளர்ந்த நாய். தாமிரபரணித் தண்ணீர் குடித்த நாய்.

"நீங்க எது வரை படிச்சிருக்கீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"அஞ்சு."

அவர் 'ம்' என்றார். அந்த 'ம்' இன்னும் என் காதில் இருக்கிறது. ஸ்டெல்லா இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அவர் முகம் தெளிந்தது. பிள்ளை தேறிவிட்டாள்.

இதற்குள் மேஜர் மக்ரூனைத் தட்டோடு காலி செய்தது. பிறகு ஜெசிந்தாவிடம் போய் அவள்மேல் சாய்ந்து நின்றது. சும்மா சாயவில்லை. மொத்த உடம்பையும் சாய்த்தது. ஜெசிந்தா சுவரோடு சுவராக ஒட்டிவிட்டாள்.

"பாசம்" என்றார் சார். "பிடிச்சவங்க மேலதான் சாய்வான்."

"மூச்சு விட முடியலங்க" என்றாள் ஜெசிந்தா.

எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கேட்டேன்.

"சார், கள்ளன் வந்தா இது என்ன செய்யும்?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் உருவமே போதும்."

"இருட்டுல உருவம் எப்படித் தெரியும் சார்? ஒருக்கா செஞ்சு காட்டச் சொல்லுங்க."

சார் எழுந்துவிட்டார். ராயப்பன் உட்கார வைத்தான். அவனே யோசனையும் சொன்னான். அவன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பின்சுவர் ஏறிக் குதிப்பான். நாய் என்ன செய்கிறது என்று எல்லாரும் பார்க்கலாம். ஒரு நிபந்தனை: நாயைக் கட்டிப்போட வேண்டும். அவனைக் கிழித்துப் போட்டுவிட்டால்?

நல்ல யோசனை என்றுதான் எல்லாரும் சொன்னோம். (இப்போது கேட்டுப் பாருங்கள்.)

எதில் கட்டுவது? முற்றத்தில் மரம் இல்லை. தூணில் விரிசல். நான் சுற்றிப் பார்த்தேன். என் படகு நங்கூரம் கிடந்தது. நாலு கை வைத்த இரும்பு. வாடைக்காற்றில் படகையே பிடித்து நிறுத்துகிற சாமான். ஒரு நாயை நிறுத்தாதா? கயிற்றை நானே முடிச்சுப் போட்டேன்.

"உறுதியா இருக்குமா?" என்றார் சார்.

நான் சிரித்தேன். அஞ்சாம் வகுப்பைக் கேட்ட ஆளுக்குப் பதில் சொல்ல அப்போதுதான் வாய்ப்பு வந்தது. "சார், இது கடலுக்கே போதும்."

நங்கூரம் கடலில் பிடிப்பது சேற்றை. என் முற்றம் சிமெண்ட். இது தெரியாமல் முப்பது வருஷம் கடலுக்குப் போனவன் நான் இல்லை. தெரியும். அந்த நேரத்தில் வாய் முந்திக்கொண்டது.

ராயப்பன் குதித்தான். ஒழுங்காகக் குதித்தானா? மீன் அலசுகிற அலுமினியச் சட்டிமேல் குதித்தான். ஊரே அதிர்ந்தது.

மேஜர் திரும்பிப் பார்த்தது. ராயப்பனும் அதைப் பார்த்தான். ராயப்பன் கையைத் தூக்கி 'ஊ' என்றான். மேஜர் கத்தியது. குரைக்கவில்லை. கத்தியது. அத்தனை பெரிய உடம்பிலிருந்து அத்தனை சின்னச் சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை. பிறகு வாசல் வழியாக ஓடியது. நங்கூரம் பின்னாலேயே போனது.

"மேஜர்! சிட்! ஸ்டே!" என்றார் சார். இங்கிலீஷும் பழகவில்லை என்று அப்போது தெரிந்தது.

நங்கூரம் முதலில் சாரின் கார் கதவில் ஒரு கோடு போட்டது. அடுத்த வீட்டில் கிழிசல் தைக்க விரித்திருந்த வலையைக் கொத்தியது. வலை ஒரு சைக்கிளைக் கூட்டிக்கொண்டது. நாய், கயிறு, நங்கூரம், வலை, சைக்கிள், அதற்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் சார். இந்த வரிசையில் தெருவில் போனோம்.

மூன்று வீடு தள்ளி சலேத்தம்மாள் வீடு. அன்றைக்கு அவள் கடைசி மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் நற்கருணை வாங்குகிற விசேஷம். வாசலை அடைத்துப் பந்தல். சொந்தக்காரர் எல்லாம் பந்தியில் இருந்தார்கள். நாய் பந்தலுக்குள் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போனது. நங்கூரம் அப்படிப் போகவில்லை. பந்தல் காலைப் பிடித்தது. கடலில் எப்படிப் பிடிக்குமோ அப்படிப் பிடித்தது.

பந்தல் மெதுவாகத்தான் இறங்கியது. துணிக்குக் கீழே தலை தலையாக மேடுகள் அசைந்தன. யாருக்கும் அடி இல்லை. இதை நான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்லுகிறேன். பிரியாணி அண்டா மட்டும் கவிழ்ந்தது. மேஜர் நின்றது. பயம் போய்விட்டது. தின்ன ஆரம்பித்தது.

சார் மூச்சிரைக்க வந்து கத்தினார். "யாரும் அவன ஓட விடாதீங்க! வயிறு முறுக்கிக்கும்!"

துணிக்குள்ளிருந்து சலேத்தம்மாள் வெளியே வந்தாள். தலையில் தயிர்ப்பச்சடி.

"யாரு நாய்ல இது?"

நாயில் பெயர் இல்லை. நங்கூரத்தில் இருந்தது. என் படகுப் பெயரைச் சிவப்புப் பெயிண்டில் நானே எழுதியிருந்தேன். எல்லாரும் அதை வாசித்தார்கள்.

"நாய் இவரோடது" என்று சாரைக் காட்டினேன்.

"கட்டுனது அவர்" என்று சார் என்னைக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து ராயப்பன் ஓடி வந்தான். முகத்தில் துண்டை அவிழ்க்க மறந்துவிட்டான். நான்கு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். எங்கள் தெருவில் இதுவரை பிடிபட்ட ஒரே கள்ளன் அவன்தான்.

சார் நாயைக் காரில் ஏற்றினார். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் குடும்பம் மேஜருக்கு ஒத்துவராது."

ஒத்துவராதாம். கதவு தாழ்ப்பாள் உடைந்து கிடப்பது என் வீட்டில். பயந்து ஓடியது அவர் நாய். தேறாதது நாங்கள்.

சலேத்தம்மாள் பணம் கேட்கவில்லை. "அவன் வாயால ஒரு வார்த்த, 'தப்பு நடந்துபோச்சு அக்கா'ன்னு சொல்லட்டும். போதும்" என்றாள். நான் சொல்லவில்லை. நாய் என்னுடையது அல்ல. குதித்தது நான் அல்ல. நங்கூரம் கொடுத்தது மட்டும் நான். அதற்கு எதற்கு மன்னிப்பு?

தெருவில் தலை காட்ட முடியவில்லை. மறுநாளே கடலுக்குப் போய்விட்டேன். காவலும் வைக்கவில்லை, ஒன்றும் வைக்கவில்லை. ஜெசிந்தா தடுக்கவும் இல்லை. அவளுக்கும் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஆம்பிளையிடம் கோபம் என்றால் அவன் இருக்கும்போது பெண்கள் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள். அவன் கடலுக்குப் போனதும் அவன் பெண்டாட்டியிடம் போய் இருந்து பேசித் தீர்ப்பார்கள். சலேத்தம்மாள் அன்று சாயங்காலமே வந்துவிட்டாள். கூட அக்காள், தங்கச்சி, நாத்தனார். பந்தலுக்குள் மாட்டின எல்லாரும்.

"ஏளா ஜெசிந்தா, ஒம் புருசன் என்ன நெனச்சிட்டிருக்கான்?" என்று ஆரம்பித்திருக்கிறாள். ஜெசிந்தா காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள். குடித்துவிட்டுத் திட்டியிருக்கிறார்கள். உப்பளத்துக் காற்று என் முற்றத்தில் நன்றாக வரும். அவர்கள் வீட்டில் புழுக்கம். அப்படியே ராத்திரிக்கும் பாயை விரித்துவிட்டார்கள். நான் திரும்பும் வரைக்கும் இதே கதை. என் படகு கரையில் தெரிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த தடவையும் வந்தார்கள். அதற்கு அடுத்த தடவையும். அதற்குப் பிறகு பின்கதவை யாரும் ஆட்டவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் எனக்கே அலுத்துவிட்டது. சரி, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று சட்டை மாட்டினேன். ஜெசிந்தா வாசலில் குறுக்கே நின்றாள்.

"எங்க போறீங்க?"

"சலேத்தக்காகிட்ட மன்னிப்புக் கேக்க."

"அறிவிருக்கா உங்களுக்கு? கேட்டா அவங்க வரமாட்டாங்க."

உள்ளேயிருந்து ஸ்டெல்லா சொன்னாள். "ஃபேன் கேக்கல, மெத்த கேக்கல, தமிழ்லயே பேசுதாங்க. இத விட்டுராதீங்கப்பா." இந்தப் பேச்சை அவள் போகிற வீட்டில் எல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். ராயப்பன் அவன் ஆபீஸிலும் சொல்லிவிட்டான்.

நான் சட்டையைக் கழற்றி மாட்டினேன். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்காதவன் என்று தெருவில் பெயர். கேட்கப் போனவனை வீட்டில் விடவில்லை என்று யாருக்குத் தெரியும்?

போன வாரம் கடலில் மணப்பாட்டுக்கு நேரே நின்றபோது டவர் கிடைத்தது. போன் பண்ணினேன்.

"வந்திருக்காங்களா?"

"வந்திருக்காங்க."

"எத்தன பேரு?"

"இருங்க" என்றாள். எண்ணுகிற சத்தம் கேட்டது. பின்னால் யாரோ என்னைத் திட்டுகிற சத்தமும் கேட்டது.

பதினாலு.