கேத்தல் போட்ட தகரம்

கண்டியில் அப்போது இரண்டு அரசாங்கங்கள் நடந்தன. ஒன்று வெள்ளைக்காரருடையது. மற்றது அம்பிட்டிய வீதிச் சந்து ஒன்றில் தேநீர் விற்றது. இரண்டாவதுதான் உருப்படியானது என்று இன்றும் எவரிடமும் வாதாடுவேன். எனக்கு வாதாடும் பழக்கமே கிடையாது, அது வேறு விஷயம்.

அந்தத் தேநீர்க்கடைக்காரருடைய சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. எதற்கெடுத்தாலும் "அரசாங்கம் இப்பிடியா செய்யும்?" என்று பாய்ந்து பாய்ந்து, அவரே அரசாங்கம் ஆகிவிட்டார்.

தேயிலை விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களை நிறுத்திய வருஷம் அது. எங்கள் வீடுகளுக்கு மேலே மலையைத் தாங்கி நின்ற கல்சுவர் பிளந்துவிட்டது. அடைமழைக்கு முன் கட்டாவிட்டால் சந்தே மண்ணுக்குள் போய்விடும். பெரிய ஆபீசில் போய்க் கேட்டோம். காசு இல்லை என்றார்கள்.

அரசாங்கம் குதித்தார். "கல்லு ஆத்துல கெடக்கு. ஆளு சும்மா கெடக்கு. காசு இல்லைன்னு மண்ணுக்குள்ள போவணுமா? நான் போடுறேன் காசு!"

அன்றே பிஸ்கட் டின்களை வட்டம் வட்டமாகக் கத்தரித்து, ஒவ்வொன்றிலும் ஆணியால் ஒரு தேநீர்க் கேத்தல் படம் குத்தினார். சுவரில் அரை நாள் வேலை செய்தால் ஒரு தகரம்.

"இத யாருண்ணே வாங்குவான்?" என்றார் சவரக்கடைச் சவரிமுத்து.

"இனிமே என் வாங்குல உக்காரணும்னா தகரம் குடுக்கணும். ரொக்கம் செல்லாது."

சந்தின் வம்பெல்லாம் கடையில் கிடந்த அந்த நீள மரப்பலகை வாங்கில்தான் பிறக்கும். நின்றுகொண்டு கேட்டால் பாதிதான் காதில் விழும். சீக்கிரமே சவரிமுத்து தகரத்துக்குச் சவரம் செய்தார், பால்காரர் தகரத்துக்குப் பால் ஊற்றினார். சுவர் இடுப்பளவு எழுந்தது.

அதிகாரம் அவர் தலைக்கேறியது. கடை முன்னால் தனக்கொரு அலங்கார வளைவு கட்ட, மூட்டை மூட்டையாகத் தகரம் வெட்டினார். சுவரில் நின்றவர்களில் பாதிப்பேர் வளைவுக்கு ஓடினார்கள். இருந்ததோ ஒரு குடம் பால். சந்தே தகரத்தை ஆட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. பால்காரர் விலையை மூன்று மடங்காக்கினார்.

"தகரத்த வெட்டலாம்ணே. மாட்ட வெட்டுனா பால் வருமா?"

 அரசாங்கம் வளைவை இடித்து, அந்தக் கல்லைச் சுவருக்கே அனுப்பினார். வாங்குக்கு இரண்டு தகரம் என்று ஏற்றி, தகரம் குறையட்டும் என்று வந்ததையெல்லாம் சுத்தியலால் நசுக்கினார்.

போலீஸ்காரர், எங்கள் வாயில் ராலாமி, வந்தார். "இது கள்ளக்காசு தானே?"

"கள்ளக்காசுல ராசா தலை இருக்கும், ராலாமி. இதுல கேத்தல்தான் இருக்கு. நல்லாப் பாருங்க."

"நிப்பாட்டு. இல்லாட்டி ஒன்னயப் புடிக்கிறது."

"நல்ல காசு கொண்டாந்து செவத்தக் கட்டுங்க. நிப்பாட்டுறேன்."

ராலாமி களைத்துப்போய் வாங்கில் உட்காரப் போனார். அரசாங்கம் கையை நீட்டினார். "ரெண்டு தகரம்."

ராலாமி கடைப் பெட்டியில் கிடந்த தகரத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார். அவர் முதுகு மறைவதற்குள் அடுத்த தகரத்துக்காக மண்ணெண்ணெய் டின்னில் அரசாங்கத்தின் கத்தரி விழுந்தது.

கடைசிக் கல் ஏறிய மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. நான் கதவைத் திறந்து பார்த்தேன். அரசாங்கம் சுவருக்கு முதுகைக் கொடுத்து, தானே அதைத் தாங்குவதுபோல் நனைந்துகொண்டு நின்றார்.

"உள்ள போ! செவரு நிக்கும்!" என்று அதட்டினார்.

 குடையை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, நானும் சுவரில் சாய்ந்து நின்றேன்.