இரும்பரின் அதிபருக்கு இடமாற்றம்

மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் ஓடிய பஸ்களில் இரும்பரைப் போல வாய் ஓயாத கொண்டக்டர் இருந்ததுமில்லை, இனி வரப்போவதுமில்லை. கந்தோர் வேலைக்காகத் தினமும் அந்த பஸ்ஸில் போய்வந்த எனக்குப் பேப்பர் வாங்கும் செலவே இருக்கவில்லை. யார் வீட்டு மாடு யார் தோட்டத்தில் மேய்ந்தது என்பது வரை அவரே சொல்லிவிடுவார்.

இரும்பர் என்ற பெயர் சும்மா வரவில்லை. பதின்ம வயதில், கடைசிச் சண்டையில் வெடித்த ஷெல்லின் துண்டுகள் அவர் உடம்பில் அப்படியே கிடந்தன. எங்கள் பக்கத்தில் அவற்றை 'பீஸ்' என்போம். எத்தனை பீஸ் என்று கேட்டால் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். எங்களிடம் பத்து என்பார். கொழும்பிலிருந்து வந்தவர்களிடம் இருபதுக்குக் குறைந்ததில்லை.

ஒவ்வொன்றுக்கும் பெயரும் வைத்திருந்தார். முழங்காலில் இருந்தது 'வானிலை'. மழைக்கு முதல்நாளே குத்தத் தொடங்கிவிடுமாம். இடுப்புக்குக் கீழே, குந்தியிருக்கிற இடத்தில் இருந்தது 'அதிபர்'.

"ஏன் அதிபர்?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூட அதிபர் மாதிரி, இருக்க விடமாட்டார் அண்ணை. எப்பவும் எழும்பி நிக்கவேணும்."

ஒரு கோயில் திருவிழாவில் பொலிஸ்காரர் இரும்பு கண்டுபிடிக்கும் கருவியால் தடவிப் பார்த்தபோது அது உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை கத்தியது. இரும்பர் கொஞ்சமும் அசரவில்லை. சத்தம் வந்த இடமெல்லாம் தொட்டுக் காட்டி, "இவர் வானிலை, இவர் அதிபர்" என்று மரியாதையாக அறிமுகம் செய்துவைத்தார்.

ஒருநாள் காலை, பஸ் புறப்பட்டதும் இரும்பர் சாரதி நவம் அண்ணரிடம் பெரிய குரலில் சொன்னார்.

"அண்ணை, அதிபர் இடமாற்றம் எடுத்துக்கொண்டு கீழ வந்திட்டார்!"

"எங்கையடா கீழ?"

இரும்பர் இடத்தைக் காட்டினார். பெண்கள் எல்லோரும் யன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசிய நவம் அண்ணர் வெட்கப்பட்டுப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். பத்திரிகையில் எழுதக் கூச்சமான இடம்தான். எழுதத்தான் வேண்டும். விதையில் ஒரு கட்டி.

"கடலைப்பருப்பளவில கல்லு மாதிரிக் கிடக்கு. நோவே இல்லை. நொந்தாத்தானே பயப்பிடோணும்?" என்றார்.

அவர் மனைவி கலா ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லிச் சண்டை பிடித்தாள். "பீசை எடுத்தா நரம்பு போயிடும், அப்பிடியே கிடக்கட்டும் எண்டு டொக்டர்மார் அண்டைக்கே சொன்னவை" என்று இரும்பர் அவள் வாயை அடைத்துவிட்டார். டொக்டர்மார் அப்படிச் சொன்னது பொய்யுமில்லை. எங்கள் ஊர்களில் பாதிப் பேர் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இரும்போடு நடமாடுகிறார்கள்.

கட்டி வளர்ந்தது. ஒரு பக்கம் பாரமாக இழுக்கிறது என்றார். அதிபருக்குச் சாப்பாடு கூடிவிட்டதாம். முதுகு உளைந்தபோது ரோட்டைத் திட்டினார். இருமல் வந்தபோது புழுதியைத் திட்டினார். நாங்களும் சேர்ந்து திட்டினோம்.

பிறகொரு நாள் ஒட்டுசுட்டானில் இறங்கி ஏறியவருக்கு ஊர்ப்பெயர் சொல்ல மூச்சு வரவில்லை. "முல்..." என்று தொடங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நவம் அண்ணர் அன்றுதான் பாட்டை நிறுத்தினார்.

அடுத்த நாள் நானும் நவம் அண்ணரும் அவரை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். படங்களை வெளிச்சத்தில் வைத்தார் டொக்டர் அம்மா. பீஸ்கள் வெள்ளையாகத் தெரிந்தன. மொத்தம் ஏழு. இரும்பர் எங்களைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

"டொக்டர், கீழ வந்த பீசை எடுக்கேலாதோ?"

"ஒண்டும் கீழ வரேல்ல. எல்லாம் பழைய இடத்திலதான் கிடக்கு. இது இரும்பில்லை தம்பி. விதையில வந்த புற்றுநோய். நெஞ்சுக்கும் பரவியிட்டுது."

"நோகேல்லையே டொக்டர்."

"அநேகமா நோகாது. கட்டி சின்னனா இருக்கேக்க வந்திருந்தா, அந்த ஒரு விதையை எடுத்திட்டு வைத்தியம் செய்திருப்பம். அநேகமான ஆக்கள் சுகப்பட்டிடுவினம். இப்பவும் மருந்து ஏத்திப் பாப்பம்."

இரும்பர் மெல்லச் சொன்னார். "அதிபர் பாவம். அவரில அநியாயமாப் பழியைப் போட்டிட்டன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே போய் நின்றேன்.

மருந்து ஏற்றாத நாட்களில் மொட்டைத் தலையோடு பஸ்ஸுக்கு வந்துவிடுவார். வேண்டாம் என்றால் கேட்டால்தானே.

"ஒட்டுசுட்டான் இறங்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ! ஆம்பிளையள், குளிக்கேக்க விதையை ஒருக்கா உருட்டிப் பாருங்கோ. கட்டி தட்டுப்பட்டா, வீங்கினா, பாரமாக் கிடந்தா உடன போய்க் காட்டுங்கோ. நோகேல்ல எண்டு இருந்திடாதேங்கோ! முள்ளியவளை, முல்லைத்தீவு!"

பின்சீட்டுப் பொடியங்கள் சிரிப்பார்கள். "சிரியுங்கோ. சிரிச்சிட்டுப் போய்ப் பாருங்கோ" என்பார். நவம் அண்ணர் பாட்டைக் கூட்டுவார். இரும்பர் அதற்கு மேலால் கத்துவார். கத்தி முடிந்ததும் இருமிக்கொண்டு, ஒருநாளும் குந்தியிருக்காத மனிசன் படியில் இருந்துவிடுவார்.

மாரி தொடங்குவதற்கு முன் போய்விட்டார். வானிலை சொல்லவே இல்லை.

காடாத்தன்று சாம்பலில் எலும்போடு இரும்பையும் பொறுக்கினோம். எல்லாம் ஒரே கறுப்பு. எது வானிலை, எது அதிபர் என்று சொல்ல ஆளில்லை. கலா ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தாள். "இத்தினை வருசம் அந்தாளோட இருந்துதுகள். இதுகளில ஒண்டுகூட அந்தாளை ஒண்டும் செய்யேல்ல" என்று சொல்லி அழுதாள். பெரிய துண்டை எடுத்து நவம் அண்ணரிடம் கொடுத்தாள். "இதுதான் அதிபர்" என்றார் அவர், தெரிந்தவர் போல.

அது இப்போது பஸ்ஸில் பிள்ளையார் படத்துக்குக் கீழே கிடக்கிறது. புதுக் கொண்டக்டர் நல்ல பிள்ளை. ரிக்கெற்றைத் தவிர வேறு கதையில்லை. ஆனால் ஒட்டுசுட்டான் தாண்டியதும் நவம் அண்ணர் பாட்டை நிறுத்துகிறார். திரும்பிப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடி, காது சிவக்கச் சிவக்கச் சொல்கிறார்.

"ஆம்பிளையள்... குளிக்கேக்க ஒருக்கா உருட்டிப் பாருங்கோ. நோகேல்ல எண்டு இருந்திடாதேங்கோ."

பின்சீட்டுக்குக் கேட்டிருக்காது. இரும்பர் இருந்தால் "அண்ணை, இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றிருப்பார். அவர் இல்லாதபடியால், அதை நான் சொல்கிறேன்.