கரடி மனையும் கோவிந்தப்பன் மச்சானும்

ஓசூர்,
2-4-1955

மகாராஜராஜஸ்ரீ மச்சான் கோவிந்தப்பன் அவர்கள் சமூகத்துக்கு, ஓசூர் ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதிப் பிழைக்கும் தங்கள் தங்கை புருஷன் தீர்த்தகிரி அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது என்னவென்றால், இவ்விடம் நானும் தங்கள் தங்கை லட்சுமியம்மாளும் மகள் ராஜாத்தியும் சினைப்பசுவும் சௌக்கியம். அவ்விடம் பெங்களூரில் தாங்களும் குடும்பத்தாரும் அவ்வண்ணமே இருக்க வேண்டியது. மழை இல்லை. மாங்காய் சுமாராகப் பிடித்திருக்கிறது.

நிற்க. தங்கள் கார்டு நேற்று வந்தது. ‘தீர்த்தகிரி ஏதோ கரடியிடம் மாட்டிக்கொண்டிருப்பதாக லட்சுமி எழுதியிருக்கிறாள், அவருக்கு ஒன்று ஆவதற்குள் ராஜாத்திக்கும் நம் பையனுக்கும் தட்டு மாற்றிவிடுவது உத்தமம், சீக்கிரமே புறப்பட்டு வருகிறேன்’ என்று கண்டிருந்தது. மச்சான், என்னை எந்தக் கரடியும் பிடிக்கவில்லை. இவ்வூரில் கன்னடக்காரர்கள் குஸ்தி பழகும் கூடத்துக்குக் கரடி மனை என்று பெயர். தண்டால் எடுப்பது, கர்லாக்கட்டை சுற்றுவது, குண்டுக்கல் தூக்குவது எல்லாம் அங்கேதான். நான் அங்கே போய் வருகிறேன், அவ்வளவுதான். சேலத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த தங்கள் தங்கைக்கு இத்தனை வருஷமாகியும் கன்னடத்தில் பால்காரியோடு சண்டை போட மட்டுமே வரும். ‘கரடி மனைக்குப் போறேன்’ என்று நான் சொன்னதில் அவள் காதில் கரடி விழுந்தது, மற்றது விழவில்லை. விடியற்காலையில் இடுப்பில் ஒரு துண்டோடு கிளம்பிப் போகிறவன் உடம்பெல்லாம் செம்மண்ணும் சிராய்ப்புமாகத் திரும்பி வந்து, ‘இன்னிக்குத் திம்மப்பன் தூக்கிக் குப்புறப் போட்டதிலே இடுப்பே போச்சு’ என்று முனகினால் அவளும் என்னதான் நினைப்பாள்? கரடிக்குத் திம்மப்பன் என்று யாரோ பேர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பாட்டில் பாட்டிலாகத் தேன் வாங்கி, ‘அதுக்குக் குடுங்க, சாந்தமாகும்’ என்று என்னிடமே கொடுத்தனுப்பினாள். நானும் வாத்தியாருக்கு மரியாதை செய்கிறாள் என்று நினைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திம்மப்பன் என்பவர் அந்தக் கூடத்தில் குஸ்தி சொல்லிக்கொடுக்கும் வஸ்தாத், பேரப்பிள்ளை எடுத்தவர். அவர் தேனை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ‘நிம்ம வீட்டம்மா ரொம்ப ஒள்ளேயவரு, நல்லவங்க’ என்று கன்னடமும் தமிழுமாக வாழ்த்தினார். நேற்று தங்கள் கார்டைப் படித்த பிறகுதான் குட்டு உடைந்தது. ‘அப்ப என் தேனையெல்லாம் அந்த ஆளா தின்னான்?’ என்று கேட்டுவிட்டு உள்ளே போனவள், ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தாள்.

நான் ஏன் இந்த வயசில் மண்ணில் புரளப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காரணம் தாங்கள்தான். போன தீபாவளிக்கு இங்கே வந்திருந்தபோது கல்யாணப் பேச்சை எடுத்தீர்கள். அதற்கு முதல் நாளே ராஜாத்தி என்னிடம் வந்து, ‘அப்பா, மாமாகிட்டே வேண்டாம்னு சொல்லிடுங்கப்பா. நான் வாத்தியாரம்மா டிரெயினிங் படிக்கணும்’ என்று சொல்லியிருந்தாள். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். சரி, உட்கார்ந்துகொண்டு சொன்னால் நன்றாயிராது, எழுந்து நின்று சொல்வோம் என்று எழுந்தேன். பிரம்பு நாற்காலியும் என் இடுப்போடு எழுந்தது. தாங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். பலகாரம் வாங்க வந்த அடுத்த வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒரு காலாகப் பிடித்து இழுத்தார்கள், நாற்காலியின் காலைச் சொல்கிறேன். அது கழன்று வருவதற்குள் நான் சொல்ல வந்தது போன இடம் தெரியவில்லை. சும்மா இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தாங்கள் ஊருக்குப் போய்விட்டீர்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள், ராஜாத்தி மட்டும் சிரிக்கவில்லை. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

உள்ளதைச் சொன்னால் என்ன, எனக்குத் தங்களிடம் பயம். கல்யாணத்தன்று பந்தலில் என் தோளில் கை வைத்து அழுத்தி ‘உட்காருங்க மாப்பிள்ளை’ என்றீர்கள், அன்று உட்கார்ந்தவன்தான். ஊரார் சொத்தில் எல்லாம் ‘இனி யாதொரு பாத்தியமும் இல்லை’ என்று ஒரே வரியில் அறுத்து எழுதுகிறவன், பெற்ற பெண்ணுக்காக ஒரு ‘வேண்டாம்’ சொல்ல வக்கில்லாமல் போனேனே என்று வெட்கமாயிருந்தது. உடம்பு இறங்கினால் பயமும் கூட இறங்குமோ என்று பார்க்கத்தான் கரடி மனைக்குப் போனேன். அதற்கு முன் புளி மண்டித் தராசில் ஏறி நின்றேன். ஒன்பது மணங்குக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு பெரிய மூட்டையின் கனம். மண்டிக்காரர் புளி என்றே நினைத்து எழுதப் போனார். முதல் நாள் தண்டாலுக்குக் கீழே இறங்கினேன், மேலே வர முடியவில்லை. மற்றவர்கள் என்னைச் சுற்றி வந்து பழகிவிட்டு, போகும்போது கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். குண்டுக்கல்லோ அசையவே இல்லை. திம்மப்பன்தான் கிட்டே வந்து, ‘வாயை மூடிக்கிட்டுத் தூக்குனா வராது சாமி. சத்தம் போட்டு மூச்சை வெளியே விடு, கல்லு தானா எழும்பும்’ என்றார். விட்டேன். கல் ஒரு சாண் எழும்பியது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கொட்டில் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு சந்தைக்குள் ஓடிவிட்டது, அதைப் பிடிக்க நானும் ஓடினேன், அன்றைய தேகப்பயிற்சியில் அதுவே பெரிது. அப்புறம் உடம்பு மளமளவென்று இறங்கிற்று. இடுப்பு சிறுத்ததை நான் கவனிக்காமல், ரிஜிஸ்திரார் துரை முன்னால் ஒரு கிரயப் பத்திரத்தோடு மரியாதையாக எழுந்து நின்றேன். நான் நின்றேன், வேட்டி நிற்கவில்லை. இப்போது பெல்ட் கட்டுகிறேன். தைரியமும் வந்திருக்கிறது. போன வாரம் கிருஷ்ணகிரி பஸ்ஸில் என் இடத்தில் உட்கார்ந்திருந்தவரை ‘எழுந்திருங்க’ என்றேன், எழுந்துவிட்டார். அவர் இறங்கும் ஊர் வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

ஆகையால் மச்சான், நாளது தேதியில் நல்ல புத்தியுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதுகிறேன். ராஜாத்தியைத் தங்கள் குமாரனுக்குக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. பையன்மேல் ஒரு குற்றமும் இல்லை, தங்கமான பையன். ஆனால் அவள் படிக்கட்டும். இதற்காகத் தாங்கள் செலவு செய்துகொண்டு வர வேண்டாம். வந்தாலும் முகத்துக்கு நேரே, தாங்கள் எவ்வளவு அழுத்தினாலும் உட்காராமல், இதையே சொல்வேன்.

பெரியவர்களுக்கு நமஸ்காரம். சின்னவர்களுக்கு ஆசீர்வாதம். தங்கள் பையனுக்கு நல்ல இடத்தில் பெண் அமைந்து, அந்தக் கல்யாணத்தில் நானே முன்னின்று பந்தக்கால் நட வேண்டும்.

இப்படிக்கு,
மெலிந்தும் துணிந்தும் இருக்கும்
தீர்த்தகிரி

பின்குறிப்பு: ஸ்டாம்பு ஒட்டி எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போகிற வழியில், பெங்களூர் பஸ்ஸிலிருந்து தாங்கள் இறங்கினீர்கள். கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். நான் தங்கள் டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீடு வரை நடந்தேன். மூச்சு வாங்கவே இல்லை. ‘ஏன் மாப்பிள்ளை இளைச்சுட்டீங்க, கரடி பயமா?’ என்று கேட்டீர்கள், ஆமாம் என்றேன். மத்தியானம் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துத் தாங்கள் பேச்சை ஆரம்பித்ததும் நான் தைரியமாக வாயைத் திறந்து, ‘இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தட்டுங்களா?’ என்றேன். அப்போதுதான் ராஜாத்தி சமையல்கட்டிலிருந்து வந்து நின்று, ‘மாமா, எனக்கு இதுலே இஷ்டமில்லீங்க. நான் படிக்கப் போறேன்’ என்றாள். கையிலிருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் சொல்லிவிட்டாள். தாங்கள் என் பக்கம் திரும்பி, ‘நீங்க என்ன சொல்றீங்க மாப்பிள்ளை?’ என்றீர்கள். திம்மப்பன் சொன்னபடி மூச்சை வெளியே விட்டுக்கொண்டு எழுந்தேன். ‘அவ சொன்னதுதான்’ என்றேன். தெருக்கோடி வரை கேட்டிருக்கும். தாங்கள் முதலில் என் பின்னால் நாற்காலி வருகிறதா என்றுதான் பார்த்தீர்கள். வரவில்லை.

ஆகவே, மேலே நான் நீளமாக எழுதிய எதையும் தங்கள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொன்னது ராஜாத்தி, என் பங்கு இரண்டு வார்த்தை. இந்த இரண்டு வார்த்தைக்குத்தான் தீபாவளியிலிருந்து கல் தூக்கியிருக்கிறேன். ஸ்டாம்பை ஒட்டிவிட்டபடியால் கடிதத்தைப் பெங்களூர் விலாசத்துக்கே அனுப்புகிறேன், ஊர் போய்ப் படித்துக்கொள்ளவும். இதை எழுதும்போது தாங்கள் பக்கத்து அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டிருக்கிறீர்கள். லட்சுமி மிச்சமிருந்த தேனைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு தங்கள் அறைக்கு வருகிறாள். மறுக்காமல் சாப்பிடவும்.