பதினான்கு பாக்கெட் விலாக் கறி

"இதுவும் தேறாது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, ஒன்பதாவது பாக்கெட்டை ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார் பரிசோதகர்.

மணி பத்து நாற்பது. பன்னிரண்டுக்கெல்லாம் கறி அடுப்பில் ஏறியாக வேண்டும். பன்றி விலாவைப் புகையில் வேக வைக்க ஆறு மணி நேரம் பிடிக்கும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே இறுகிவிடும். மாலை ஆறு மணிக்கு மச்சான் குடும்பத்தோடு சாப்பிட வருகிறார். இடையில் ஒரு பத்து நிமிடம் கூடச் சும்மா கிடைக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்பு இதே மச்சானுக்கு இதே கறியைப் பரிமாறியிருந்தார். மச்சான் ஒரு துண்டைக் கடித்தார், இழுத்தார், தட்டைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி இழுத்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, "மாப்ளே, இதுக்குக் காத்து எவ்வளவு அடிக்கணும்?" என்று கேட்டார்.

அன்றோடு மனைவி வீட்டில் அவருக்கு இருந்த நல்ல பெயர் போயிற்று. போன வாரம் ஒரு சின்ன மாமாவின் கைப்பேசியை எட்டிப் பார்த்தபோது, தன் எண் 'டயர் மாப்பிள்ளை' என்று பதிவாகியிருந்ததைக் கண்ணாலேயே பார்த்தார்.

அதன் பிறகு மனிதர் ஓயவில்லை. எங்கே தவறு என்று தேடித் தேடிப் படித்து, அடுப்பில் ஒரு குற்றமும் இல்லை, கடையிலேயே சறுக்கிவிட்டோம் என்று கண்டுபிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்ததை எடுத்து வந்திருக்கிறார். அதுவும் யார்? கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகக் குற்றம் கண்டுபிடிப்பதையே வேலையாகச் செய்பவர்.

விலாவில் இரண்டு பகுதி உண்டு. முதுகெலும்பை ஒட்டியது குட்டையாக, வளைந்து, கொழுப்புக் குறைவாக இருக்கும். சீக்கிரம் வேகும், சீக்கிரம் காயும். வயிற்றுப் பக்கத்து விலா தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். அதில் கறிக்குள்ளேயே மெல்லிய வெள்ளை நூல்போலக் கொழுப்பு ஓடும். ஆறு மணி நேரப் புகையில் அந்த நூல்கள் ஒவ்வொன்றாக உருகி, கறியை உள்ளிருந்தே நனைத்துக்கொண்டிருக்கும். கறி பஞ்சு மாதிரி வருவதன் ரகசியம் அவ்வளவுதான்.

இந்தக் கடையில் இருந்தவை பதினான்கு பாக்கெட். எல்லாம் வயிற்றுப் பக்கம்தான். ஆனால் வெட்டியவன் கத்தியைக் கொஞ்சம் ஆழமாக இறக்கிவிட்டால் கறிக்கு மேலே எலும்பு வெள்ளையாக எட்டிப் பார்க்கும். அந்த இடத்தில் கறியே இல்லை என்று அர்த்தம். அங்கே சூடு நேராக எலும்பில் அடித்துச் சுற்றியுள்ளதையும் காய வைக்கும். அப்படிப்பட்டவை நான்கு. பாக்கெட்டின் அடியில் சிவப்பாக நீர் தேங்கியிருந்தால், கறி ஒரு முறை உறைந்து உருகித் தன் சாற்றை விட்டுவிட்டது என்று பொருள். அவை மூன்று. இன்னும் இரண்டில் ஒரு முனை உள்ளங்கை கனம், மறுமுனை அட்டை கனம். கனமான முனை வேகிற நேரத்துக்குள் மெல்லிய முனை விறகாகிவிடும்.

பத்தாவதிலும் பதினொன்றாவதிலும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் லேபிளின் கீழே எறும்பு எழுத்தில் 'உப்புக் கரைசல் சேர்க்கப்பட்டது' என்று இருந்தது. கறிக்குள் ஊசி போட்டு உப்புத் தண்ணீர் ஏற்றுவது எடையைக் கூட்டுவதற்காக. அந்தத் தண்ணீர் நெருப்பில் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் நாக்குக்கு மிஞ்சும்.

பதினொன்றையும் கழித்தார்.

கழித்ததை அவர் திரும்பக் குளிர்பெட்டியில் வைக்கவில்லை. இதுவும் தொழில் பழக்கம். தொழிற்சாலையில் பாட்டில்கள் வெள்ளைத் திரைக்கு முன்னால் வரிசையாக ஓடும். குமிழியோ கீறலோ தெரிந்தால் கையை நீட்டி எடுத்துத் தனிக் கூடையில் போட வேண்டும். எக்காரணம் கொண்டும் திரும்ப வரிசையில் விடக் கூடாது. விட்டால் பார்த்ததும் பாராததும் கலந்துபோகும். எடுத்துப் போட்ட பாட்டிலை அடுத்த நொடி மறந்தும் விட வேண்டும். ஒரு நாளைக்கு ஓடும் எட்டாயிரம் பாட்டிலை மண்டையில் வைத்துக்கொண்டு யார் வீட்டுக்குப் போவது?

ஆகவே பதினொரு பாக்கெட்டையும் எதிர்ப்புறம் ஓட்ஸ் டப்பாக்களுக்கு முன்னால் ஒழுங்காக அடுக்கினார், மறந்தார்.

மிஞ்சியவை மூன்று. மூன்றும் ரத்தினங்கள். இளஞ்சிவப்பு நிறம், ஒரே கனம், நூல் நூலாகக் கொழுப்பு. அவற்றைக் கூடையில் வைத்தபோது கைப்பேசி அடித்தது. குளிர்பெட்டி பக்கம் சிக்னல் நிற்கவில்லை. கடை வாசல் வரை ஓடினார்.

"ஏங்க, பன்னிக் கறி வாங்கப் போனீங்களா, இல்ல பன்னியை வளர்க்கவே போயிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"முடிஞ்சுது. மூணு எடுத்தாச்சு. சும்மா தங்கம் மாதிரி இருக்கு."

"மூணா? நாலா எடுங்க. அண்ணன் அவரோட மாமனாரையும் கூட்டிட்டு வர்றாராம்."

"அவருக்குப் பல்செட்டு ஆச்சே?"

"அதுக்குத்தான் கூட்டிட்டு வர்றாராம். பெரியவர் பல்செட்டு கழண்டு வராம ஒரு துண்டு சாப்பிட்டுட்டார்னா, டயர்ங்கிற பேரை இன்னையோட எடுத்துடறேன்னு சொல்லியிருக்காரு."

"கழண்டு வந்துட்டா?"

"சின்ன மாமாகிட்ட மட்டும் இருக்கிற பேரு எல்லார் போன்லயும் ஏறிடும். சரி, சீக்கிரம் வாங்க. கரியைப் பத்த வெச்சுட்டேன்."

"இப்பவே எதுக்கு?"

"பத்து மணிக்கே 'கிளம்பிட்டேன்'னு மெசேஜ் போட்டீங்களே."

"அது கடைக்குக் கிளம்பினதும்மா."

"அதெல்லாம் கரிக்குத் தெரியுமா? பிடிச்சுக்கிச்சு" என்று வைத்துவிட்டாள்.

உள்ளே ஓடினார். குளிர்பெட்டி காலி. பதினான்கில் மூன்று அவர் கையில். மற்ற பதினொன்று அவரைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. ஓட்ஸ் பக்கம் அவர் தலை திரும்பவே இல்லை.

அப்போதுதான் ரொட்டி அலமாரிக்குப் பக்கத்தில் அந்த மனிதரைப் பார்த்தார்.

வெளியே வெயில் காய்கிறது, அவரோ தடித்த ஸ்வெட்டர் போட்டிருந்தார். குளிர்பெட்டிகளோடு ரொம்ப நாள் பழகியவர் என்று பார்த்தாலே தெரிந்தது. அவருடைய தள்ளுவண்டியில் பத்துப் பன்னிரண்டு விலா பாக்கெட்டுகள். கூடவே ஒரு மூட்டை அடுப்புக் கரி, அதன் மூலை கிழிந்திருந்தது. கட்டியின் அளவைப் பிரித்துப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார். ஒரு சாஸ் பாட்டில். ஒரு சுருள் அலுமினியத் தாள். குழந்தைச் செருப்பு ஒன்று. பேரனோ பேத்தியோ கூட வந்திருக்க வேண்டும்.

அவர் ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். துப்பாக்கி போன்ற வெப்பமானியை அதன் மேல் காட்டினார். நோட்டில் ஏதோ எழுதினார். பாக்கெட்டின் மூலையில் பேனாவால் ஒரு நீலக் கோடு போட்டுத் திரும்ப வண்டியில் வைத்தார்.

அந்த மாதிரி வெப்பமானியைப் பரிசோதகர் கண்ணாடி உலை வாசலில்தான் பார்த்திருக்கிறார். இவர் கறி வாங்கவே கொண்டுவந்திருக்கிறார். அதோடு அந்த நீலக் கோடு! தொழிற்சாலையில் தேறிய பெட்டிக்கு அதே கோடுதான்.

பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தார். முதல் பாக்கெட்டில் எலும்பு எட்டிப் பார்த்தது. இரண்டாவதன் அடியில் நீர். மூன்றாவதில் உப்புக் கரைசல். அவர் படித்ததற்கெல்லாம் நேர்மாறு.

"அண்ணே, ரொம்பப் பார்த்துப் பார்த்துச் செய்யறீங்க" என்று பேச்சுக் கொடுத்தார்.

"செஞ்சுதானே ஆகணும் சார். ஒண்ணு தப்பிப் போனாலும் கெட்ட பேரு" என்றார் ஸ்வெட்டர்காரர், தலையை நிமிர்த்தாமல்.

கெட்ட பேர் என்றதும் பரிசோதகரின் நெஞ்சு உருகியது. "எத்தனை வருஷமாப் பண்றீங்க?"

"ஒன்பது வருஷம். லீவு தவிர தினமும்."

"தினமும் விலாவா?"

"அது எப்பவாவதுதான். நேத்து மீனு. முந்தாநாள் முழுக் கோழி நாலு. அன்னன்னிக்குக் கிடைக்கிறதைப் பொறுத்தது."

"எலும்பு வெளிய தெரியுதே, பரவாயில்லையா?"

"எலும்பையெல்லாம் நான் பார்க்கிறதே இல்ல சார். சூடு ஒண்ணுதான் கணக்கு."

சூடு ஒன்றுதான் கணக்கு. இரண்டு மாதம் படித்தும் இப்படி ஒரு வரி அவர் கண்ணில் படவில்லையே.

"எனக்கு ஒரு பாக்கெட் குறையுது. இதுலேருந்து ஒண்ணு தர்றீங்களா?"

ஸ்வெட்டர்காரர் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "ஐயோ, இது உங்களுக்கு ஆகாது சார்."

"ஆறு மணி நேரம் புகை போடப் போறேன்ணே."

"எத்தனை மணி நேரம் போட்டாலும் ஆகாது. விட்டுடுங்க."

ஆளைப் பார்த்தவுடனே டயர்க்காரன் என்று கண்டுபிடித்துவிட்டாரே என்று பரிசோதகர் கூசிப்போனார். நகர்ந்துபோய்த் தன் மூன்று ரத்தினங்களையும் மறுபடி ட்யூப் லைட்டில் காட்டினார். ஐந்து நிமிடத்துக்கு முன்பு தங்கமாக இருந்தவை இப்போது கண்ணாடிக் கடைப் பொம்மை மாதிரி தெரிந்தன.

யோசிக்க யோசிக்க எல்லாம் விளங்கியது. எலும்பு ஏன் தெரிய வேண்டும்? புகை உள்ளே இறங்க வாசல் வேண்டாமா? அடியில் நீர் ஏன்? சாறு வெளியே வந்தால்தான் அந்த இடத்தில் புகை போய் உட்காரும். உப்புத் தண்ணீர்? ஆறு மணி நேரம் நெருப்பில் கிடக்கப்போகிற கறிக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுத்து அனுப்புவது மனிதத்தன்மை. ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் மெலிசு? கனம் மச்சானுக்கு, மெலிசு பல்செட்டுக்கு! அதுவரை இருந்த சந்தேகமும் தீர்ந்தது.

கைப்பேசி அடித்தது. சிக்னல் ஒரே ஒரு கோடு.

"ஏங்க, கரி பாதி ஆயிடுச்சு. இன்னும் அள்ளிப் போடவா, தண்ணி ஊத்தவா?"

"போடு. ஊத்தாதே. வந்துட்டே இருக்கேன்."

"இதைத்தான் காலையிலயும் சொன்னீங்க."

அந்த நேரத்தில் ஸ்வெட்டர்காரர் குடைகள் தொங்கும் பக்கம் எதையோ பார்த்துவிட்டு, வண்டியை விட்டுவிட்டு விரைந்து போனார்.

பரிசோதகர் வாழ்க்கையில் பஸ்ஸில் ஜன்னல் சீட்டைக்கூட அடித்துப் பிடித்ததில்லை. ஆனால் இப்போது அவர் கால்கள் தாமாகவே நடந்தன. வண்டியிலிருந்து நீலக் கோடு போட்ட பாக்கெட்டுகளில் நான்கை எடுத்தார். மனசாட்சி உறுத்தவே, தன்னுடைய மூன்றையும் அதே இடத்தில் வைத்தார். நான்குக்கு மூன்று. பெரிய மனுஷர், மன்னித்துவிடுவார். திரும்பிப் பார்க்காமல் பில் போடும் இடத்துக்கு நடந்தார்.

வரிசையில் முன்னால் ஒரே ஒருவர். அவர் ஒரே ஒரு பேனாக்கத்தி வாங்கினார், அதற்கு உத்தரவாதம் உண்டா என்று மூன்று விதமாகக் கேட்டார். பரிசோதகர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே நின்றார். எந்த நொடியிலும் தோளில் கை விழும் என்று எதிர்பார்த்தார்.

அவர் முறை வந்தது. பில் போடும் பெண் முதல் பாக்கெட்டைக் கையில் எடுத்தாள், மூலையைப் பார்த்தாள், கீழே வைத்தாள். இரண்டாவதையும் அப்படியே வைத்தாள்.

"இதுக்குப் பில் போட முடியாது சார். நீலக் கோடு இருக்கு."

"அதைப் பார்த்துத்தானேம்மா எடுத்தேன்."

"எங்கேருந்து எடுத்தீங்க?"

பரிசோதகர் குரலைத் தாழ்த்தினார். "அதோ, ஸ்வெட்டர் போட்டிருக்காரே, அவர் வண்டியிலேருந்து. தப்புதான். ஆனா சும்மா எடுக்கல, என்னோட மூணை வெச்சுட்டுத்தான் வந்தேன்."

"எங்க, அந்த வண்டியிலயா வெச்சீங்க? போச்சு. அதுல விழுந்தது திரும்பி வராது சார்."

அவள் காட்டிய திசையில் ஸ்வெட்டர்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். கரி மூட்டைக்கு மேல், குழந்தைச் செருப்புக்குப் பக்கத்தில், இப்போது ஒரு பால் பாக்கெட்டும் ஏறியிருந்தது. மூன்று ரத்தினங்களும் உச்சியில் பளபளத்தன. கடைக்கோடியில் ஒரு ரப்பர்க் கதவு வண்டியை விழுங்கிவிட்டு ஆடி நின்றது.

சட்டைப் பையில் கைப்பேசி அடிக்கத் தொடங்கியது. பரிசோதகர் எடுக்கவில்லை.

"அவர் அவ்வளவு பெரிய ஆளாம்மா?" என்றார்.

அவள் நான்கு பாக்கெட்டையும் மேசைக்கு அடியில் இருந்த தொட்டியில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "பெரிய ஆளெல்லாம் இல்ல சார். இன்னைக்குக் கடை திறந்ததும் எவரோ ஒரு புண்ணியவான் வந்து, இந்த விலா பாக்கெட்டையெல்லாம் லைட்டுல தூக்கித் தூக்கிப் பார்த்துட்டு, பதினொண்ணை வேணாம்னு கழிச்சு ஓட்ஸ் அலமாரியில அடுக்கிட்டுப் போயிருக்காரு. அந்த மாதிரி வெளியில கிடந்து சூடேறினது, கிழிஞ்சது, ஜோடி தொலைஞ்சது எல்லாத்தையும் பொறுக்கிட்டு வந்து குப்பையில கொட்டுறதுதான் அவரு வேலை."