நாற்பத்தொன்றாம் நம்பர் சாமான்

என் காரின் வயிற்றைத் திறந்து ஒரு சாமானை உருவிக்கொண்டு போன ஆளே, உன்னைத்தான் கேட்கிறேன். உனக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறதா? ஒன்பது வருஷம். ஒன்பது வருஷமாக அந்த வண்டி என் ஷெட்டில் பூனைகளுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியாக நிற்கிறது.

வாசகர்களே, நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். நான் பழைய சாமான் வாங்கி விற்று முன்னுக்கு வந்தவன். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அடிபட்டுப் படித்தது அதிகம். அதில் முதல் பாடம், 'தெரியாது' என்று வாயால் சொல்லாதே. சொன்னால் எதிராளி விலையை ஏற்றிவிடுவான். இரண்டாவது பாடத்தைப் பலகையில் எழுதிக் கடையில் மாட்டியிருக்கிறேன்: 'விற்ற சாமான் திருப்பி வாங்கப்படமாட்டாது.' இந்த இரண்டும்தான் என்னைக் கவிழ்த்தன.

அது என்னைவிட வயதில் மூத்த கார். ஒரு நாள் காலை சாவியைத் திருப்பினேன். இருமக்கூட இல்லை. உடனே போல்ட்டுவைக் கூப்பிட்டேன். போல்ட்டு என் சிநேகிதன். பழைய கார் உதிரிகள் சேர்ப்பதே அவனுக்கு உயிர், அதனால் அந்தப் பேர். பானெட்டுக்குள் தலையை விட்டவன் ரொம்ப நேரம் வெளியே எடுக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. எனக்காக அழுகிறான் என்று நினைத்தேன்.

"ரோட்டரைக் காணோம்டா."

"எது, அந்த ரோட்டரா?" என்றேன், நூறு ரோட்டர்களைத் தொட்டிலில் போட்டு வளர்த்தவன் மாதிரி.

"அதேதான். இந்த மாடலுக்கு இப்ப வர்றதில்ல. கவலைப்படாத, நான் தேடறேன்."

ஒன்பது வருஷம் தேடினான். இரண்டு மாதம் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டான். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதுகூட, "உன் ரோட்டர்..." என்று ஆரம்பித்துச் சிரித்தான். இருமல் வந்துவிட்டது. அவ்வளவு நல்லவன்.

போன வாரம் அவன் மனைவி மூன்று தகரப் பெட்டிகளை அனுப்பினார். உள்ளே அவன் சேகரித்த உதிரிகள். ஒவ்வொன்றிலும் நம்பர் இருந்தது, பேர் இல்லை. மெக்கானிக் பயிற்சிப் பள்ளிக்குக் கொடுக்கப் போகிறாராம். அவர்கள் பேரோடு பட்டியல் கேட்கிறார்களாம். "உங்களுக்குத் தெரியாததா?" என்றார். தெரியாது என்று எப்படிச் சொல்வேன்?

எனக்கு வேறு நப்பாசை. ரோட்டர் கிடைத்து, சொல்வதற்குள் அவன் போயிருந்தால்? அந்தப் பேரின் கனத்தைப் பார்த்தால் பூசணிக்காய் அளவாவது இருக்கும். கண்ணில் படாமலா போகும்?

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பெட்டிகளைத் திறந்தேன். சீட்டு எழுத என் மனைவி தானாகவே வந்து உட்கார்ந்தாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"முப்பத்தெட்டு. ஹார்ன். எழுதிக்க."

"இதே மாதிரி ஒண்ணை டைனமோன்னு சொன்னீங்களே?"

"அது முன்பக்கத்து ஹார்ன். டைனமோன்னும் சொல்லுவாங்க."

"முப்பத்தொம்பது?"

"கிளட்ச்சுக்கெல்லாம் பெரிய கிளட்ச்."

"இவ்ளோ சின்னதா இருக்கு?"

"அந்தக் காலத்து ஆளுங்களுக்குக் கால் சின்னது."

நாற்பத்தொன்று வந்தது. கட்டைவிரல் அளவு. கறுப்பாக, தலையில் ஒரு பித்தளை நாக்கு. திருப்பினேன், மோந்தேன், காதருகே ஆட்டினேன். ஒன்றும் புரியவில்லை.

"முக்கியமான சாமானா?" என்றாள்.

"குப்பை."

"அப்ப நான் எடுத்துக்கட்டுமா? அழகா இருக்கு."

சும்மா கொடுத்தால் என் தொழில் என்னாவது? "என்ன தருவே?"

"ரெண்டு நாள் பாத்திரம் நான் கழுவறேன்."

எங்கள் வீட்டில் அது என் இலாகா. "ஒரு மாசம்."

"அநியாயம். ஒரு வாரம்."

"மூணு வாரம். இல்லேன்னா பெட்டியிலேயே கிடக்கட்டும்."

பெருமூச்சு விட்டு ஒப்புக்கொண்டாள். பாவமாகக்கூட இருந்தது. குப்பைக்கு மூன்று வாரம். காலை நீட்டிக்கொண்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டேன்.

சாயங்காலம் போல்ட்டுவின் மனைவி ஒரு நோட்டோடு வந்தார். "அவர் தலையணை உறைக்குள்ள இருந்ததுங்க. எல்லா நம்பருக்கும் பேர் எழுதியிருக்கார்." என் பட்டியலோடு ஒப்பிட்டுச் சத்தமாகப் படித்தார். நாற்பதில் இரண்டு சரி. பெரிய கிளட்ச் என்றது ஜன்னல் கண்ணாடி ஏற்றும் கைப்பிடியாம். அதற்குக்கூட நான் வெட்கப்படவில்லை.

"நாப்பத்தொண்ணு. ரோட்டர். சிநேகிதன் வண்டியோடது. தங்கச்சி கழட்டிக் கொடுத்தது. அவன் கோபம் குறைஞ்சதும் தங்கச்சிகிட்டயே திருப்பிக் கொடுக்கணும்."

தங்கச்சி என்று போல்ட்டு கூப்பிட்டது உலகத்தில் ஒருத்தியைத்தான். திரும்பிப் பார்த்தேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பாட்டு வேறு.

"நீயா?"

"போன்ல அண்ணன் சொல்லித் தந்தார். ரெண்டு கிளிப்பு, ஒரு மூடி. குக்கரைவிடச் சுலபம்."

"ஏன்?"

"வண்டியை நடுரோட்டுல நிறுத்திட்டு இறங்கிப் போய் சிக்னல் கம்பத்தோட சண்டை போட்டீங்களே, ஞாபகம் இருக்கா? உங்களை முழுசா வீட்டுல வச்சுக்கணும்னு ஆசைப்பட்டேன். தப்பா?"

உள்ளதைச் சொல்கிறேன். வண்டி நின்றதிலிருந்து தினமும் சாயங்காலம் அவளோடு மார்க்கெட்டுக்கு நடக்கிறேன். அவள் பையைப் பிடிப்பாள், நான் விலையைப் பிடிப்பேன். டாக்டர் என் பிரஷர் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். இந்த ஒன்பது வருஷத்தில் குறை ஒன்றுமில்லை. அதற்காக?

"குடு அதை."

"வித்த சாமானைத் திருப்பிக் கேக்கறதா? உங்க கடைப் பலகையில என்னங்க எழுதியிருக்கு?"

"எப்பதான் தருவே?"

"கோபம் குறைஞ்சதும்."

"எனக்கு எங்கேடி கோபம்" என்று கேட்டேன். ஷெட்டில் இருந்த பூனை குட்டிகளோடு வீட்டை மாற்றிக்கொண்டது.

கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நடந்ததை அப்படியே எழுதுங்க. ஒரு ஆச்சரியக்குறி இல்லாம எழுதி முடிச்சா, தர்றேன். ஒண்ணு வந்தாலும் இன்னும் ஒரு வருஷம்."

எழுதிவிட்டேன். தேடிப் பாருங்கள், ஒன்றுகூடக் கிடைக்காது. ஆகவே, சாமானை உருவிய ஆளே, சமாதானமாகவே கேட்கிறேன். சாயங்கால நடை நிற்காது. சிக்னலோடு பேச மாட்டேன். எந்த டப்பாவில் ஒளித்திருக்கிறாயோ, எடுத்து வந்து இருந்த இடத்தில் மாட்டிவிடு. இன்றைக்கே மாட்டு. மாட்டு என்கிறேன். அட, மாட்டித் தொலையேன்!