புகையில் மாறிப்போன சம்பந்திகள்

யாகூத்ஸ்க்,
ஆகஸ்ட் 11

எனக்குச் சம்பந்தியாக வரவிருந்த, இப்போதும் வந்துவிட வேண்டும் என்று நான் மன்றாடுகிற மத்ரியோனா அம்மாள் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற கொதிகலன் மெக்கானிக் கவ்ரீல் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மகள் துயாராவும் நலம். இருமலைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன். ஆற்றுக்கு அக்கரையில் தாங்களும் தங்கள் அண்ணனும் மாடுகன்றுகளும் நலமாக இருக்க வேண்டும். காட்டுத்தீயை அணைக்கப் போயிருக்கும் தங்கள் மகன் அய்தால் ஒரு புருவமுடிகூடப் பொசுங்காமல் வீடு திரும்ப வேண்டும்.

நான் போன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை. கோபம் நியாயமானது. பெண் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டவன், ஒரு பெரிய மனுஷியையும் அவருடைய அண்ணனையும் படகுத்துறையில் புகைக்குள் நாலு மணி நேரம் நிற்கவைத்துத் திருப்பி அனுப்பினால் யாருக்குத்தான் கோபம் வராது. ஆனால் நான் துறைக்கு வரவே இல்லை என்று தாங்கள் ஊரெல்லாம் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அது அபாண்டம். வந்தேன். சம்பந்திகளைக் கூட்டிக்கொண்டும் போனேன். கூட்டிப்போனது உங்களை இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

இந்த வருஷத்துப் புகை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாட்டைக் கொசு கடிக்கக்கூடாதென்று நாமே சாணி மூட்டிப் புகை போடுகிற ஜனங்கள்தான் நாம். ஆனால் இந்தப் புகையில் கொசுவும் அப்படியே இருக்கிறது, புகையும் அப்படியே இருக்கிறது, மூச்சுதான் இல்லை. வெளியே முப்பத்திமூன்று டிகிரி வெயில், ஜன்னலைத் திறக்க முடியாது. நனைத்த படுக்கைவிரிப்பை ஜன்னலில் தொங்கவிட்டு உள்ளே வெந்துகொண்டிருக்கிறோம். சூரியன் பீட்ரூட் துண்டு மாதிரி தெரிகிறது, சில நாள் அதுவும் இல்லை. மேல்வீட்டு ஃப்யோக்லா, "ஒங்க சமையல் ஏதோ தீயுது பாருங்க" என்று மூன்று வாரமாகக் கதவைத் தட்டுகிறாள். முப்பத்திரண்டு வருஷம் கொதிகலன் பார்த்தவனிடம் வந்து புகையைப் பற்றிச் சொல்கிறாள்.

அன்றைக்குக் காலையில் துயாரா ஆஸ்பத்திரிக்கு வேலைக்குக் கிளம்பும்போதே சொன்னாள்: "அப்பா, நான் நாலு மணிக்குத்தான் வருவேன். அத்தைகிட்ட மரியாதையா பேசு. போனைக் கையிலேயே வெச்சுக்க." நான் கேட்டேனா? விருந்தாளி முன்னால் போன் மணி அடித்தால் அவமரியாதை என்று அதை அணைத்து, ஆணியில் தொங்கிய குளிர்காலக் கோட்டுப் பையில் போட்டுவிட்டுத் துறைக்குப் போனேன். படகு வந்தது சத்தத்தில்தான் தெரிந்தது. இறங்கிய அத்தனை பேரும் கண்வரை முகமூடி. அறுபது வயது அம்மாள் ஒருத்தி, கூடவே உயரமான பெரியவர் ஒருவர், கையில் துணி சுற்றிய பாத்திரம். உங்களை நான் நேரில் பார்த்ததே இல்லை. வேறு யாராக இருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள். ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டு, "வாங்க வாங்க, ஒங்களுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். அந்த அம்மாளும், "நல்லதுங்க" என்று பின்னாலேயே வந்துவிட்டார்.

இங்கேதான் நம் வழக்கம் என் காலை வாரிவிட்டது. வீட்டுக்கு வந்தவரிடம் யார், என்ன என்று கேட்பவன் மனுஷனா? டீ இறங்க வேண்டும், சாப்பாடு இறங்க வேண்டும், அப்புறம்தான் பேச்சு. நான் முறைப்படி, "சொல்லுங்க" என்றேன். அந்த அம்மாளும் முறைப்படி, "ஒண்ணுமில்ல, நீங்க சொல்லுங்க" என்றார். "எங்கிட்ட ஒண்ணுமில்ல, நீங்கதான் சொல்லணும்" என்றேன். இப்படியே இரண்டு கெண்டி டீ முடிந்தது. இரண்டு பக்கமும் நல்ல வளர்ப்பு, என்ன செய்வது.

பெரியவர் மட்டும் வாயே திறக்கவில்லை. ஏரி மீன் வேகவைத்து வைத்தேன், ஒரு வாய் தின்று முகத்தைச் சுளித்தார். குதிரை விலாக்கறி வைத்தேன், கண்ணை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகினார். பழம்போட்டு அடித்த குளிர்ந்த பாலாடையை வைத்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டார். போச்சுடா, தாய்மாமனுக்குச் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். தாயில்லாமல் வளர்த்த ஒரே பெண், என் கைச்சமையலாலா அவள் கல்யாணம் நிற்க வேண்டும்? "என் தம்பியோட மந்தையில எனக்கும் நாலு குதிரை நிக்குது, அதுல ஒரு குட்டியை ஒங்களுக்குத் தர்றேன்" என்றேன். முனகல் நிற்கவில்லை. இரண்டு குட்டி என்றேன். பாலாடையின் இரண்டாவது கரண்டிக்கு அவர் அழவே ஆரம்பித்ததும் தாய்க்குதிரையையும் சேர்த்துக்கொண்டேன். அப்போதுதான் கண்ணீரோடு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நாலு மணிக்குத் துயாரா வந்தாள். வாசலிலேயே நின்றாள். "அப்பா, யாரு இவங்க?"

"என்னம்மா இப்படிக் கேக்குற, ஒன் வருங்கால மாமியார்."

"அய்தால் அம்மாவை நான் போட்டோல பாத்திருக்கேன். இது அவங்க இல்ல."

அந்த அம்மாள் டீக்கோப்பையைக் கீழே வைத்தார். "நாங்க ஆம்காவிலேருந்து வர்றோங்க. இவருக்குக் கடவாய்ப் பல்லைப் பிடுங்கணும். துறைக்கு ஆள் அனுப்புறேன்னு எங்க மருமகன் சொன்னான். நீங்கதான்னு நெனச்சோம். பல் பிடுங்க வந்தவர இவ்வளவு சாப்பிடச் சொல்றாரேன்னு எனக்கும் கொஞ்சம் சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஆனா கேட்டா நல்லா இருக்காதே."

துயாரா என் கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்து உயிர்ப்பித்தாள். தாங்கள் கூப்பிட்டது பத்தொன்பது முறை. நாங்கள் துறைக்கு ஓடினோம். உங்கள் படகு கரையை விட்டு நகர்ந்து புகைக்குள் போய்விட்டது. மறுநாளிலிருந்து எதிரே எதுவும் தெரியவில்லை என்று படகையே நிறுத்திவிட்டார்கள். இந்த ஒன்பது நாளாக என் பெண் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சூப்பை வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள். அம்மா, எனக்கு மூச்சு முட்டுவது புகையால் மட்டும் இல்லை.

ஆகவே தங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வாருங்கள். துறையில் நிற்கும் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்கிறேன். வழக்கம் கெட்டாலும் பரவாயில்லை. தங்கள் அண்ணனுக்குத் தர என்னிடம் இப்போது ஒரு கிழட்டுக் குதிரைதான் மிச்சம். பல் பிடுங்கிய பெரியவர் போன் செய்து, "எப்ப வந்து ஓட்டிக்கிட்டுப் போகட்டும்?" என்று கேட்டுவிட்டார். விருந்தாளிக்குக் கொடுத்த வாக்கை எப்படி மாற்றுவது. என் மேல் உள்ள கோபத்தில் என் பெண்ணைத் தள்ளிவிடாதீர்கள். அவள் தங்கம், அவள் அப்பன்தான் இப்படி.

தங்கள் வீட்டு அடுப்பு அணையாமலும் காட்டுத்தீ அணைந்தும் போகட்டும். மாடுகள் நிறையக் கறக்கட்டும். அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பணிவுடன்,
கவ்ரீல்

பி.கு.: மேலே எழுதியதில் ஒன்றையும் கணக்கில் கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், வீட்டில் பெண் இல்லை. நள்ளிரவிலிருந்து மழை பெய்து காலையில் படகு விட்டுவிட்டார்கள். கடிதத்தை ஒட்டப்போகும்போது துயாரா பெட்டியோடு வந்து நின்றாள். அய்தாலுக்கு நாலு நாள் லீவு கிடைத்து நேற்றே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டானாம். இரண்டு பேரும் ஜூன் மாதமே உங்கள் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டார்களாம், வெள்ளிக்கிழமை கல்யாணமாம். "அப்புறம் எதுக்கும்மா பொண்ணு பாக்க வரச்சொன்னே?" என்று கேட்டேன். "நீங்க பெரியவங்க ரெண்டு பேரும் ஆசையா இருந்தீங்க, ஏன் கெடுப்பானேன்னு விட்டோம்" என்கிறாள். ஒன்பது நாள் பேசாமல் இருந்தது கோபத்தினால் இல்லையாம், இதைச் சொல்லப் பயந்தாளாம். இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுக்கிறவள்தான் என் மகள். அவளிடம் எதுவும் கேட்காதீர்கள், முதலில் டீ கொடுங்கள். அவள் பின்னால் வாசலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்து நிற்பவன் நான். எனக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் தங்கள் விருப்பம்.