குயினிக்கு ஏற்ற பெயரடை

"பூனையின்ர நிறத்தை எழுதாமல் விட்டா ஆர் கண்டுபிடிக்கிறது?" என்று மனைவி பாலேஸ்வரி கேட்டதும் சவுந்தரநாயகத்தின் பேனா நின்றது.

அவர் வெள்ளவத்தையில் ஆங்கில டியூசன் மாஸ்டர். பக்கத்து வீட்டு டோரினின் பூனை குயினியைக் காணவில்லை. அழுதுகொண்டு வந்தவளிடம், "நோட்டீஸ் நான் எழுதித் தாறன். காலமையில எங்கட கம்பி ஜன்னலடியிலதானே வந்து வெயில் காயிறது" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கோலத்தை மறக்க முடியுமா? பொன்னாய் மின்னும் உடல், குறுக்கே கருங்கோடுகள். பார்க்கும்போதெல்லாம் அவர் கையிலிருக்கும் தேத்தண்ணி ஆறிப்போகும்.

"புலி மாதிரி எண்டு எழுதுங்கோவன்."

"விசரே உனக்கு? சண்டை நடக்கிற நேரத்தில, கொழும்பில, தமிழன் அந்தச் சொல்லைத் தூணில ஒட்டுறதோ?"

அகராதியைப் புரட்டினார். கடைசியில் அகப்பட்டது: டைக்ரைன். புலியைப் போன்ற என்று பொருள். கோயில் வாசலில் நிற்பவர்போலக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன ஒரு சொல்லப்பா!"

'காணவில்லை: டைக்ரைன் பெண். பெயர் குயினி' என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினார்.

அன்று மத்தியானமே செக் பொயின்ற் சிப்பாய் நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான்.

"டைக்ரைன் எண்டா என்ன மாஸ்டர்?"

"அது ஒரு அட்ஜெக்டிவ், தம்பி."

சிப்பாய் தோளில் தொங்கிய துவக்கைச் சரிசெய்துகொண்டான். "அதில எத்தனை பேர் இருக்கினம்?"

அகராதியைக் காட்டினால் தீர்ந்துவிடும் என்று மாஸ்டர் நினைத்தார். காட்டினார். அந்தப் பக்கத்தில் புலியின் படமே இருந்தது.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் அந்தச் சொல்லை மெதுவாக, வாய்விட்டு வாசித்தார். "எவ்வளவு வடிவான சொல்! இத்தனை வருஷ சேவையில ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரேல்ல." அதே மரியாதையோடு மாஸ்டரைக் கம்பிக் கூண்டுக்குள் விட்டார். "குயினி வந்தா நீங்க போகலாம்."

"அது கோடு போட்ட பூனை, சேர்!"

"வரட்டும். அந்தக் கோட்டைப் பாப்பம்."

பொழுது சாயும் நேரம் டோரின் ஓடிவந்தாள். "மாஸ்டர்! குயினி தானாத் திரும்பி வந்திட்டாள்!"

அவள் கையிலிருந்த பூனை பால்வெள்ளை. ஒரு கறுத்த மயிர்கூட இல்லை.

"கோடு எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்ன கோடு? இவள் பிறந்ததிலயிருந்து வெள்ளைதானே!"

"கடவுளாணை, நான் கண்டனான் சேர்!" மாஸ்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். இன்ஸ்பெக்டர் மேலிடத்துக்கு அறிவிக்கத் தொலைபேசியை எடுத்தார்.

அந்த நேரம் குயினி டோரினின் கையிலிருந்து குதித்து, கம்பிகளுக்கிடையால் நுழைந்து மாஸ்டரின் காலடியில் படுத்துக்கொண்டது. கடற்பக்கமிருந்து சரிந்த வெயில் வாசலால் வந்து கம்பிகளுக்கூடாகக் கூண்டுக்குள் விழுந்தது. பொன்னாய் மின்னும் உடல், குறுக்கே கருங்கோடுகள். இன்ஸ்பெக்டரின் கை தொலைபேசியோடு அந்தரத்தில் நின்றது.

வாசலில் காவல் நின்ற கான்ஸ்டபிள்தான் மெல்லச் சொன்னான்:

"சேர், கோடு வந்திட்டுது... மாஸ்டருக்கும்."